வடிகால் உண்டு என்று நான் போட்ட டிக்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் செய்த நல்ல காரியங்களை எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். செய்த தப்புகளில் ஒன்றைச் சொல்கிறேன். அது கொஞ்சம் நீளம். கணினித் திரையில் ஒரு சின்னக் கட்டம், அதில் நான் போட்ட ஒரு டிக், அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அலுவலகத்துக்கே தெரியும். "சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டுது மேடம்" என்று என் மேஜைக்கு வந்து சொன்ன பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஏன் அப்படிக் கத்தினேன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி. சென்னையில் கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் இருந்தேன். ஆலைக்காரர்கள் கேள்வி அனுப்புவார்கள், நாங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்துப் பதில் அனுப்புவோம். அப்படி ஒரு கேள்வி ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தது. தேவிபட்டினத்துக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, கருவேலங்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன எரிவாயு நிலையம். பெயர் வேண்டாம், அடையாளங்களையும் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். நடுவில் படுத்த வாக்கில் ஒரு பெரிய இரும்புக் கலன். கிணறுகளிலிருந்து வரும் வாயு அதற்குள் நுழையும். கூடவே வரும் பெட்ரோல் மாதிரியான எண்ணெயும் தண்ணீரும் அடியில் தங்கும், வாயு மேலே பிரிந்து வெளியே போகும். புதிதாக ஒரு கிணற்றை அதில் சேர்க்கப் போகிறார்கள். தீ வந்தால் இப்போதிருக்கும் ஏற்பாடு போதுமா என்பதுதான் கேள்வி.

கலனுக்கு அடியில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். எண்ணெய் நனைத்துக்கொண்டிருக்கும் அடிப்பாகம் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். வாயு மட்டும் இருக்கும் மேல்பாகத்து இரும்பு சூடேறிச் சூடேறி வலுவிழக்கும். உள்ளே அழுத்தம் குறையாமல் இருந்தால் ஒரு நேரத்தில் அது கிழியும். பக்கத்தில் நிற்பவர்கள் பிழைக்க மாட்டார்கள். அதனால் தீ என்று தெரிந்ததும் ஒரு பொத்தானை அமுக்குவார்கள். ஒரு வால்வு திறந்து, உள்ளே இருக்கும் வாயு தூரத்தில் இருக்கும் உயரக் குழாய்க்குப் போய் அங்கே எரிந்து தீரும். பதினைந்து நிமிடத்துக்குள் அழுத்தம் பாதியாகிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் பிடித்துக்கொள்ளும் அளவு. அந்த வால்வின் ஓட்டை அதற்குப் போதுமா என்று கணினியில் பொய்த்தீ மூட்டிப் பார்ப்பதுதான் என் வேலை.

கலனின் நீளம், விட்டம், உள்ளே எவ்வளவு எண்ணெய், எவ்வளவு அழுத்தம், எல்லாவற்றையும் கொடுத்த பிறகு அந்த மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். கலனுக்கு அடியில் கொட்டும் எண்ணெய் ஓடிப்போக நல்ல வடிகால் உண்டா, இல்லையா? உண்டு என்றால் எண்ணெய் தள்ளி ஓடிவிடும், கலன் மேல் படும் வெப்பம் குறைவு. இல்லை என்றால் அடியிலேயே குளம் கட்டி எரியும், வெப்பம் ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும். அந்த வெப்பத்தில் உள்ளே இருக்கும் எண்ணெயும் கொதித்து ஆவியாகும். ஒரு பக்கம் வால்வு வெளியேற்ற, மறுபக்கம் அடுப்பு புதிதாக ஆவியை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். தளம் கிழக்கே சாய்ந்திருந்தது. சாய்வின் முடிவில் ஒரு சாக்கடை, அதிலிருந்து வேலிக்கு வெளியே உப்போடை. நல்ல வடிகால், சந்தேகமே இல்லை. டிக் போட்டேன். அந்தக் காலத்து இயந்திரம், காலைக் காபிக்குப் போனபோது ஓட விட்டது மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் முடிந்தது. அழுத்தம் அறுபது கிலோவிலிருந்து முப்பது கிலோவுக்கு இறங்கப் பதினான்கு நிமிடம். பதினைந்துக்குள் வந்துவிட்டது. வால்வை மாற்ற வேண்டாம், குழாயை மாற்ற வேண்டாம், எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போடும்போது, "இடத்தைப் பாத்தியா?" என்று கேட்டார். "வரைபடம் தெளிவா இருக்கு சார்" என்றேன். அவரும் கையெழுத்தைப் போட்டு முடித்தார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் அந்த மாவட்டத்துக்காரி. முதுகுளத்தூர் பக்கம் உள்ளே ஒரு கிராமம். அய்யா மானாவாரி மிளகாய் போட்டவர். அந்த அறிக்கை எழுதிய மாதம்தான் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். தேவிபட்டினத்தில் என் சின்னம்மா வீடு. அங்கே போகும் பஸ் அந்த நிலையத்துக்குத் திரும்பும் விலக்கில் நிற்கும். ஜன்னல் வழியாக உயரக் குழாயின் நுனி தெரிந்தது. இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்திருந்தால் போதும். வெயில் அடித்தது. பட்டுப்புடவை கட்டியிருந்தேன். இறங்கவில்லை.

என் வளைகோட்டை அந்த நிலையத்தார் பிரேம் போடாத குறையாகக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டிவைத்தார்கள். எத்தனையாவது நிமிடத்தில் அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்று காட்டும் கோடு, அடியில் என் பெயர். அதை நம்பி ஒரு தீயணைப்புத் திட்டமும் எழுதிக்கொண்டார்கள். முதல் பன்னிரண்டு நிமிடம் நான்கு பேர் கலனுக்கு அருகே நின்று ஓஸ் பிடித்துத் தண்ணீர் அடிக்கலாம் என்று அதில் இருந்தது. இதெல்லாம் எனக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெரியும். அப்போதுதான் அங்கே உண்மைத் தீ வந்தது. யாரும் சாகவில்லை. ஆனால் கலன் வீணாகிவிட்டது, விசாரணைக் குழு போட்டார்கள். கணக்குப் போட்டவர் என்ற முறையில் என்னையும் வரச் சொன்னார்கள். விசாரணைக்கு முந்தின நாள் காலையிலேயே போய் இறங்கினேன். இந்த முறை பருத்திப் புடவை.

வாசலில் காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். உள்ளே விடவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். அப்போது யார் என்று தெரியாது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கலனைப் பார்த்தேன். மேல்பக்கம் ஓரிடத்தில் இரும்பு இட்லி மாதிரி உப்பியிருந்தது. ஆனால் என்னை நிறுத்தியது அது இல்லை. கலனைச் சுற்றி ஒரு வரப்பு. ஆமாம், வயல் வரப்புதான். ஒரு சாண் உயரம். மண்ணால் அணைத்து, மேலே சிமெண்டு பூசி, மூலை திரும்பும் இடத்தில் நம் ஆட்கள் செய்வதுபோல் வழித்துவிட்டது. கிழக்குப் பக்கத்தில் ஒரு மடை. மடைவாயில் சாக்கும் களிமண்ணும் அடைத்திருந்தது. மடையிலிருந்து ஒரு வாய்க்கால், வேலிக்கு அடியில் நுழைந்து வெளியே போனது. வெளியே பத்துப் பன்னிரண்டு முருங்கை, வேம்பு, ஒரு பாத்தி கத்தரி. தீப்பட்ட பக்கத்து முருங்கை கருகி நின்றது.

"இது யாரு கட்டுனது?" என்று கத்தினேன். நான் கத்தினால் ஊருக்கே கேட்கும்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து சகாயம் வந்தார். தீ நடந்த அன்று பணியில் இருந்த ஷிப்ட் பொறுப்பாளர். மண்டபம் ஊர் மீனவர் வீட்டுப் பிள்ளை, டிப்ளமோ படித்தவர், முப்பது வயதிருக்கும். இடது கையில் கட்டுப் போட்டிருந்தார்.

"கத்தாதீக மேடம். வாசல்ல உக்காந்திருக்காருல்ல, காளிமுத்தண்ணன், அவருதான் கட்டுனாரு. அவரு காதுல விழுந்தா இன்னும் ஒடஞ்சு போயிருவாரு" என்றார்.

காளிமுத்துவின் இரண்டு ஏக்கர்தான் அந்த நிலையத்தின் தென்பகுதி. நிலத்தை எடுத்துக்கொண்டு அவரை ஒப்பந்தக் கூலியாக வைத்திருந்தார்கள். கூட்டுவது, கருவேலஞ்செடி வெட்டுவது, சாமான் தூக்குவது. வியாழக்கிழமைதோறும் தீயணைப்புப் பம்பை ஓட்டிப் பார்ப்பார்கள். கலன் மேல் பத்து நிமிடம் தண்ணீர் கொட்டும். குழாய் துருப்பிடிக்கும் என்று உப்புத் தண்ணீர் விடுவதில்லை. லாரியில் வந்து தொட்டியில் நிரப்பிய நல்ல தண்ணீர். சுற்றுப்பட்டு ஊர்களில் பெண்கள் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் அதே தண்ணீர். அது தளத்தில் விழுந்து, என் வரைபடத்தில் இருந்த சாய்வு வழியே அழகாக ஓடி, உப்போடையில் கலக்கும். மூன்று வியாழக்கிழமை பார்த்தாராம் காளிமுத்து. நாலாவது வாரம் மம்பட்டியை எடுத்துவிட்டார். நிலையத்தில் இருந்தவர்களும் பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஆட்கள். ஒருவருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. நல்ல காரியம் என்று சிமெண்டு மூட்டை எடுத்துக் கொடுத்ததே அவர்கள்தான்.

தீ நடந்த நாளைச் சகாயம் சொன்னார்.

"அன்னைக்கும் வியாழக்கெழம மேடம். காலையில பம்ப் ஓட்டி முடிச்சாச்சு. வரப்பு நெறையத் தண்ணி. கஞ்சிய குடிச்சிட்டு வந்து மடையத் தொறக்குறேன்னு அண்ணன் அங்கன போயிட்டாரு. பத்து நிமிசங்கூட ஆகல. எண்ணெக் குழா மூட்டுல கேஸ்கட்டு பிச்சுக்கிருச்சு. பீய்ச்சி அடிக்குது. வாயுவ அடைக்கிறதுக்குள்ள எங்கிட்டிருந்தோ பொறி பட்டு, குப்புன்னு புடிச்சிருச்சு."

வரப்புக்குள் தேங்கிய தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்து பரவியது. கலனின் அடி முழுக்கத் தீ. சகாயம் பொத்தானை அமுக்கினார். வால்வு ஒழுங்காகத் திறந்தது. நான்கு பேர் ஓஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஓஸ் தண்ணீரும் வரப்புக்குள்தான் விழுந்தது. சகாயம் கட்டுப்பாட்டு அறையில் கலனின் அழுத்தமானியைப் பார்த்து, நிமிடத்துக்கு நிமிடம் ஷிப்ட் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினார். சுவரில் என் வளைகோடு.

"ஆறாவது நிமிசம். உங்க தாளுல நாப்பத்தஞ்சு இருக்கணும். முள்ளு நாப்பத்தொம்பதுல நிக்கிது. முள்ளு சிக்கிக்கிருச்சோன்னு தட்டிப் பாத்தேன், அது ஒழுங்காத்தான் எறங்குது. ஆனா மெதுவா எறங்குது. தாளு பன்னெண்டு நிமிசம் நிக்கலாம்னு சொல்லுது. முள்ளு வேற சொல்லுது. ஒரு நிமிசம் எனக்கு ஒண்ணுமே ஓடல மேடம். அப்பறம் வெளிய ஓடி, 'ஓஸப் போட்டுட்டு எல்லாரும் வாங்கலே'ன்னு கத்துனேன்."

நான்கு பேரும் ஓடி வந்தார்கள். அப்போது காளிமுத்து மம்பட்டியோடு எதிரே ஓடினார். மடையைத் திறந்தால் எண்ணெய் வாய்க்கால் வழியே வெளியே போய்விடும், கலனுக்கு அடியில் தீ குறையும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சகாயம் அவர் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"'விடுலே, என் மடைய எனக்குத் தொறக்கத் தெரியும், ரெண்டே வெட்டு'ன்னு திமிறுறாரு. நான் விடல. கடிச்சு வச்சுட்டாரு மேடம்." கட்டை அவிழ்த்துக் காட்டினார். பல் வரிசை தெளிவாக இருந்தது. "அதுக்கும் நான் விடல. வேலிக்கு வெளிய இழுத்துட்டுப் போயிப் படுக்கப் போட்டேன். ரெண்டு பேரும் கெடந்து அழுதோம்."

திரும்ப உள்ளே போய் ஒன்பதாவது நிமிடம் எழுதியிருக்கிறார். நாற்பத்து நான்கு. என் தாளில் முப்பத்தெட்டு. பதினோராம் நிமிடத்தில் இரும்பு உப்பும் சத்தம் கேட்டதாம். கிழியவில்லை. கொட்டிய எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் தீ தணிந்தது. என் கோட்டை நம்பி எழுதிய திட்டப்படி நின்றிருந்தால் அந்த நான்கு பேரும் அப்போது உப்பலுக்கு நேர் கீழே இருந்திருப்பார்கள். காளிமுத்து மடையில் குனிந்திருந்தால் அவரும்தான்.

சென்னையிலிருந்து சுமந்து வந்த மடிக்கணினி ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கட்டுப்பாட்டு அறையில் திறந்து, பழைய கணக்கை எடுத்து, ஒரே ஒரு மாற்றம் செய்தேன். வடிகால் இல்லை. ஓடி முடிய இரண்டு மணி நேரம் ஆனது. சகாயம் வாங்கிக் கொடுத்த டீ ஆறிப் போயிற்று. புதுக் கோடு பாதிக்கு வர இருபது நிமிடம் காட்டியது. சகாயத்தின் பின்னட்டை எண்களைப் பென்சிலால் அதன் மேல் வைத்தேன். ஆறாவது நிமிடம், ஒன்பதாவது நிமிடம், எல்லாப் புள்ளியும் புதுக் கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது. நான் போட்ட கணக்குகளிலேயே உண்மையோடு அவ்வளவு அச்சாகப் பொருந்தியது அது ஒன்றுதான். பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.

ராமநாதபுரம் பஸ் நிலையத்து எஸ்டிடி பூத்திலிருந்து எங்கள் பிரிவுத் தலைவருக்குப் போன் போட்டேன். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ வரைபடத்தைப் பாத்தே. வரைபடத்துல வரப்பு இல்லை. கேட்டா அதை மட்டும் சொல்லு. இன்னைக்கு ஓட்டின கணக்கை வெளியே எடுக்காதே. அறுபது பேர் இந்த ஆபீஸ்ல சாப்பிடறாங்க" என்றார்.

அவர் சொன்னதில் இன்னொரு நியாயமும் இருந்தது. அதுதான் என்னை ரொம்பப் படுத்தியது. புதுக் கோட்டைக் காட்டினால் என்ன நிரூபணமாகும்? வரப்புதான் காரணம் என்று கல்வெட்டு மாதிரி நிரூபணமாகும். வரப்பைக் கட்டியவர் காளிமுத்து. ஏற்கெனவே வாசலுக்கு வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். என் கணக்கு அவரை மொத்தமாக அனுப்பிவிடும். நிலமும் போய், வேலையும் போனால் அந்த மனுஷன் எங்கே போவார்? பேசாமல் இருந்தாலும் அவருக்குத்தான் ஆபத்து, பேசினாலும் அவருக்குத்தான். பூத்துக்காரர், "அக்கா, பில்லு வந்துருச்சு" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் வெளியே வந்தேன்.

மறுநாள் காலை விசாரணை, நிலைய மேலாளரின் அறையிலேயே. குழுத் தலைவர் தலைமையகத்திலிருந்து வந்த ஒரு வயதானவர், அதிகம் பேசாதவர். முதலில் சகாயத்தைக் கேட்டார்கள். திட்டத்தில் பன்னிரண்டு நிமிடம் என்று இருக்கும்போது ஆறாவது நிமிடமே ஏன் ஆட்களை இழுத்தாய் என்று கேட்டார் மேலாளர்.

"தாளு சொல்லுறத நம்பவா, முள்ளு சொல்லுறத நம்பவா சார்? முள்ளுதான அங்கன நெருப்புக்குள்ள கெடக்குற கலனப் பாத்துச் சொல்லுது" என்றார் சகாயம். தலைவர் அதை எழுதிக்கொண்டார்.

அடுத்துக் காளிமுத்து. உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

"நாந்தான்யா கட்டுனேன். வேற யாரையும் சொல்லாதீக. கஞ்சி குடிக்கப் போகாம அன்னைக்கே மடையத் தொறந்து விட்டிருந்தா இம்புட்டு வந்திருக்காது. தண்ணி சும்மா போகுதேன்னு கட்டுனேன். தப்புன்னு ஒருத்தரு சொல்லியிருந்தாலும் அன்னைக்கே ஒடச்சிருப்பேன்" என்றார்.

மேலாளர் குறுக்கிட்டார். "அனுமதி இல்லாம, யாருக்கும் தெரியாமக் கட்டின வரப்பு சார் இது. நிர்வாகத்துக்கு எந்தத் தகவலும் இல்லை."

பிறகு என் முறை. வரைபடத்தை விரித்துச் சாய்வைக் காட்டினேன். தலைவர், "அப்ப உங்க கணக்கு சரி, வரப்புதான் தப்பு, அப்படித்தானே?" என்று கேட்டார். மேலாளர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் சாயங்கால ரயிலைப் பிடித்துவிடலாம். நிஜமாகவே என் வாய் அதற்குத் திறந்தது. தலைவரின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன்.

சுவரில் ஒரு போட்டோ, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. யாரோ பெரிய அதிகாரி பார்வையிட வந்தபோது எடுத்தது. அதிகாரியும் மேலாளரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேலாளரின் கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். இரண்டு பேருடைய காலுக்கும் பின்னால் கலன், அதைச் சுற்றி வரப்பு, வரப்பு நிறையத் தண்ணீர் மின்னுகிறது. அந்தக் காலத்துக் கேமராவில் விழும் மாதிரி மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி. என் அறிக்கைக்கு எட்டு மாதம் முந்தியது.

எழுந்து போய் அந்தப் போட்டோவை ஆணியிலிருந்து கழற்றினேன். "மேடம், மேடம்" என்றார் மேலாளர். தலைவரின் முன்னால் வைத்தேன். பக்கத்தில் என் இரண்டு கோடுகளையும் வைத்தேன்.

"சார், வரப்புதான் காரணம், அதுல சந்தேகமில்லை. இதோ, சகாயம் எழுதின ஒவ்வொரு எண்ணும் இதுல உட்காருது. ஆனா நான் கணக்குப் போட்டபோது இந்த வரப்பு எட்டு மாசமா இங்கே இருந்திருக்கு. யாருக்கும் தெரியாமன்னு மேனேஜர் சொல்றார், அவர் காலுக்குப் பின்னாலயே இருக்கு. வடிகால் உண்டுன்னு டிக் போட்டது நான். இந்த இடத்துக்கு வராமப் போட்டேன். பஸ்ல இந்த வழியாப் போனேன், இறங்கலை. பன்னிரண்டு நிமிஷம் நிக்கலாம்கிறது என் தப்பான கோட்டை வச்சு எழுதினது. அந்த நாலு பேரு உயிரோட இருக்கறது சகாயம் என் தாளை நம்பாததால. காளிமுத்து கட்டினதைத் தப்புன்னு சொல்ல வேண்டியது என் வேலை. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். அவர் என் வேலையைச் செய்யலைன்னு அவரைத் தண்டிக்க முடியாது."

கடைசி வாக்கியத்தைக் கத்திச் சொல்லிவிட்டேன் என்று பிற்பாடு சகாயம் சொன்னார். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போட்டோவைக் கண்ணுக்கு அருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு மேலாளரிடம், "காய் நல்லா காச்சிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். காளிமுத்துவை அன்று மாலையே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். வரப்பை அவர் கையாலேயே உடைத்தார். சாக்கடையின் முடிவில், கலனிலிருந்து நல்ல தூரத்தில், ஒரு தொட்டி கட்டினார்கள். வியாழக்கிழமைத் தண்ணீர் இப்போது அங்கே சேர்ந்து மரங்களுக்குப் போகிறது. வால்வும் குழாயும் பெரிதாக மாறின. எங்கள் நிறுவனத்துக்கு அந்த ஆலையிலிருந்து அதன் பிறகு ஒரு வேலையும் வரவில்லை. ஒரு வருடம் என்னைக் கணக்குப் பக்கம் விடாமல், அடுத்தவர் எழுதிய தாளில் பக்க எண் சரிபார்க்க வைத்தார் எங்கள் பிரிவுத் தலைவர். வலித்தது. அழுதேன். பக்க எண்ணும் சரிபார்த்தேன். அதன் பிறகு இடத்தைப் பார்க்காமல் எந்த அறிக்கையிலும் அவரும் கையெழுத்துப் போட்டதில்லை, நானும் போட்டதில்லை. "சாஃப்ட்வேர் காட்டுது" என்று வருகிறவர்களிடம் ஏன் எரிந்து விழுகிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

விசாரணை முடிந்து விலக்கில் பஸ்ஸுக்கு நின்றேன். வழியனுப்பக் காளிமுத்து கூடவே நடந்து வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சாலையைப் பார்த்தார்.

"நீங்க முதுகுளத்தூர்ப் பக்கமாமே தாயி. சகாயம் சொன்னாப்புல."

"ஆமாண்ணே. மானாவாரிதான். அய்யா மொளகா போடுவாரு."

"ஒங்க வீட்டுல குளிச்ச தண்ணி எங்க போகும்?"

"வாழைக்கு."

"அரிசி களஞ்ச தண்ணி?"

"மாட்டுக்கு. இல்லன்னா பூசணிக்கு."

அவர் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"அப்பறம் எப்பிடித் தாயி? இம்புட்டுத் தண்ணி வாராவாரம் ஊத்துறாக, நம்ம ஆளுக அத ஓட விட்டுட்டுச் சும்மா இருப்பாகன்னு எப்பிடி நெனச்சீக?"

பஸ் வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த உண்மையைத்தான் சொன்னேன்.

"மறந்துட்டேண்ணே."

"அது எப்பிடி மறக்கும்?" என்றார்.